ஆல்டர்விக்கின் சந்தைக்கிழமை

ஆல்டர்விக் ஊருக்கு ஒரு காலத்தில் வாரத்துக்கு எட்டு நாட்கள் இருந்தன. புதன்கிழமை இரவு படுத்தால் மறுநாள் காலை வியாழக்கிழமை வராது. நடுவில் இன்னொரு நாள் வரும், அதைச் சந்தைக்கிழமை என்று சொல்வார்கள், அது முடிந்த பிறகுதான் வியாழன் வரும். இங்கிலாந்தில் வேறு எந்த ஊருக்கும் அந்த நாள் கிடையாது. நான் பல வருடமாகக் குடியிருப்பது பக்கத்து ஊரில். எங்களுக்கு ஏழு நாட்கள்தான், அதையே எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் பாதிப் பேர் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆல்டர்விக் பேச்சு வந்துவிட்டால் மட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். கசாப்புக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் கேட்டதைத்தான் சொல்கிறேன். அவர்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன், அவர்கள் அவசரமாகத் தாண்டிப் போன இடத்தில் மட்டும் நான் நின்று கேட்டேன்.

அந்த நாள் அவர்களுக்குக் கிடைத்ததே ஓர் அசட்டுத்தனத்தால். பழைய காலத்தில் இந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது: பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே நாளில் சந்தை கூட்டக் கூடாது, ஒருவன் வியாபாரத்தை இன்னொருவன் கெடுப்பான். ஆல்டர்விக்கைச் சுற்றி ஏழு ஊர்கள், ஏழும் ஆளுக்கொரு நாளைப் பிடித்துக்கொண்டுவிட்டன, ஞாயிற்றுக்கிழமையைக்கூட ஓர் ஊர் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டது. ஆல்டர்விக்காரர்கள் தங்கள் பாலாடைக்கட்டியையும் கம்பளியையும் மழையில் சுமந்துகொண்டு போய், அடுத்த ஊர் வாசலில் சுங்கம் கட்டி, ஓரமாக நின்று விற்றுவிட்டு, மழையிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஒருநாள் அரசன் அந்த வழியாக வேட்டைக்கு வந்தான். ஊர்ப் பெரியவர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் மண்டியிட்டு, எங்களுக்கும் ஒரு சந்தை நாள் வேண்டும் என்று கேட்டார்கள். அரசனுக்கு அன்றைக்குப் பல்வலி. "எல்லா நாளும் போயிடுச்சா? அப்ப யாருக்கும் சொந்தமில்லாத நாளாப் பாத்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அது கேலி என்று புரிந்துகொண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஆல்டர்விக்காரர்களுக்குக் கேலி புரியாது, இன்றைக்கும் புரியாது. அவர்கள் தரையைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, சதுக்கத்தின் நடுவே சந்தைக்கு அடையாளமாக ஒரு கல் சிலுவையை நட்டு, அதன் பக்கத்தில் ஒரு மணியைக் கட்டி, புதன்கிழமை மாலையே கூடைகளை நிரப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். விடிந்தது. மணிக்காரன் மணியை அடித்தான். வந்திருந்த நாள் வியாழன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, அரசன் கொடுத்தான், வந்துவிட்டது, கடையைப் போடு என்று கடையைப் போட்டார்கள்.

காலை மணி அடிக்கும்போது ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும் அவர்களுக்கு அந்த நாள் உண்டு, வெளியே இருந்தவர்களுக்குக் கிடையாது. ஆகவே சுற்றுவட்டார வியாபாரிகள் புதன் மாலையே வந்து சத்திரங்களில் தங்கினார்கள். எங்கள் ஊர் ஆண்கள் புதன் சாயங்காலம் முகத்தை வழவழவென்று மழித்துக்கொண்டு கிளம்பிப் போய், வியாழன் காலை இரண்டு நாள் தாடியோடும் சாராய வாடையோடும் திரும்பி வந்து, ஒரு ராத்திரிதானே ஆயிற்று என்று மனைவியிடம் சத்தியம் செய்தார்கள், அது சத்தியமாகவும் இருந்தது. ஆல்டர்விக் பெண்களுக்கு மற்ற ஊர்ப் பெண்களைவிடச் சீக்கிரம் நரைத்தது. பசுக்கள் பக்கத்து ஊர்ப் பசுக்களைவிட முன்னதாகக் கிழடாயின. அதை ஒரு குறையாக யாரும் சொல்லவில்லை, கூட ஒருநாள் வியாபாரம் கிடைக்கிறதே.

சாயங்கால மணிக்கும் ஒரு வழக்கம் இருந்தது, அதை அவர்கள் பேராசையால் உண்டாக்கினார்கள். விற்கவந்த ஒருத்தி, எவ்வளவு ஏழையானாலும், விற்காத பொருளோடு கடையில் நின்றுகொண்டிருக்கும்வரை சந்தையை மூடக் கூடாது. ஒரு முட்டைக்கோஸ் விலைபோகாமல் போனாலும் ஊருக்கு நஷ்டம் என்பது அவர்கள் கவலை. அதைச் சிலுவைக்கு முன்னால் நின்று ஊரே வாய்விட்டுச் சொல்லிச் சத்தியம் செய்தது, நாளும் அதைக் கேட்டுக்கொண்டது. அதன்பிறகு யாராவது பொருளோடு நின்றால் மணிக்காரன் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் மணி ஊமையாகவே ஆடும். சூரியன் மாவு மில்லின் கூரைக்கு மேலே வந்து அங்கேயே காத்திருக்கும். கடைசி முட்டைக்கோஸை யாராவது முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போன பிறகு மணிக்குச் சத்தம் வரும், சூரியன் இறங்கும்.

இனி அவர்கள் அந்த நாளை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். யோசித்துப் பாருங்கள், கடவுள் படைக்காத ஒரு முழு நாள் வாராவாரம் சும்மா கிடைக்கிறது. என்னிடம் கொடுத்திருந்தால் தூங்கியிருப்பேன். நீங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள், பிள்ளைகளோடு விளையாடியிருப்பீர்கள், யாருக்கோ மனம்விட்டு ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள். இவர்கள் பிஷப்பிடம் போய், அன்றைக்கு ஜெபம் செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். கடவுள் ஏழாம் நாளோடு ஓய்வெடுக்கப் போய்விட்டார், எட்டாவது நாளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கு ஜெபமும் இல்லை பாவமும் இல்லை என்று பதில் வந்தது. பிறகு நீதிபதியிடம் போனார்கள். தேதி இல்லாத நாளில் குற்றம் நடக்க வழியே இல்லை என்றார் அவர். இந்த இரண்டு பதில்களையும் வாங்கிக்கொண்டு ஆல்டர்விக்காரர்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்கள்.

அன்றிலிருந்து வாரம் முழுவதும் அவர்களைப்போல் நல்லவர்களைப் பார்க்க முடியாது. தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள், கிழவிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள், தேவாலயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். கெட்டதை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்து சந்தைக்கிழமை அன்று செய்தார்கள். மாவில் சுண்ணாம்பு கலப்பது அன்றைக்கு, எடைக்கல்லை மாற்றுவது அன்றைக்கு, வேலைக்காரப் பையன் திங்கட்கிழமை செய்த தப்புக்கு அவன் தோலை உரிப்பது அன்றைக்கு, மனைவியை அடிக்கிறவன் கையை மடக்கிக்கொண்டு நாலைந்து நாள் பொறுத்திருந்து அடிப்பது அன்றைக்கு. வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு அன்றைக்கு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் காலை வியாழன் வந்துவிடும், முகத்தைக் கழுவிக்கொண்டு, நேற்று புதன்கிழமை, எவ்வளவு நல்ல மழை என்று பேசிக்கொள்வார்கள்.

செத்தவர்களைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. சந்தைக்கிழமையில் செத்தவனுக்குச் சாவு மணி அடிக்க முடியாது, தேதி இல்லாத கல்லறைக் கல்லை எப்படிச் செதுக்குவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். செத்தவர் வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் கண்டு போய்விட்டதாகச் சொல்லிப் புதைத்துவிடுவது. அடிபட்டுச் செத்தவர், தண்ணீர்த் தொட்டியில் கிடந்தவர், படியில் உருண்டவர், எல்லோருக்கும் காய்ச்சல்தான். ஆல்டர்விக்கின் வியாழக்கிழமைக் காய்ச்சல் நாடு முழுக்கப் பிரபலம், லண்டனிலிருந்து டாக்டர்கள் வந்து ஆற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இப்படியே சில நூறு வருடங்கள் ஓடின. ரயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், டார்க்கஸ் என்று ஒரு விதவை அந்த ஊரில் முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். அவளை ஒரு தேவதையாக நினைத்துக்கொள்ள வேண்டாம், அவளும் அந்த ஊர்க்காரிதானே, போன வாரத்து முட்டைகளை அடியில் வைத்து மேலே நாலு புது முட்டைகளை அடுக்குகிறவள்தான், வாய்த்துடுக்கும் உண்டு. அவளுக்கு ஒரே மகள் லெட்டி, பதினாலு வயதுப் பெண், நெடுநெடுவென்று வளர்ந்து, தாயின் உடுப்பைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, காலில் மட்டும் புது பூட்ஸோடு இருந்தாள். அந்த பூட்ஸுக்காக டார்க்கஸ் குளிர்காலம் முழுவதும் ஊர்க்காரர்களின் வாத்துகளுக்கு இறகு பிடுங்கினாள்.

சந்தைக்கிழமைகளில் ஊர்ப் பணக்காரர்கள் சிலுவையைச் சுற்றிக் குதிரை வண்டிப் பந்தயம் விட்டார்கள். மற்ற நாட்களில் அந்தச் சதுக்கத்தில் வண்டி ஓட்டத் தடை, அதனாலேயே அன்றைக்கு ஓட்டினார்கள். மாவு மில் முதலாளி எனோக் பிராட்லிக்குப் புதிதாக ஓர் இரட்டைச் சக்கர வண்டி வந்திருந்தது, சாம்பல் நிறக் குதிரை, நடுவயதில் அவனுக்குச் சின்னப் பையனின் ஆசை. இரண்டாவது சுற்றில் ஒரு முட்டைக் கூடை சரிந்தது, லெட்டி அதைப் பிடிக்கக் குனிந்தாள். வண்டி அவள்மேல் ஏறி இறங்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றது. பிராட்லி இறங்கி வந்து முதலில் குதிரையின் காலைத் தடவிப் பார்த்தான். அதற்குப் பிறகு தொப்பியைக் கழற்றினான்.

சந்தை ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது, பிறகு மறுபடி விலை பேச ஆரம்பித்தது. யாரோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து பெண்ணின்மேல் போர்த்தினார்கள். பாதிரியார் விட்காம் அங்கேதான் பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டிருந்தார். டார்க்கஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எம் பொண்ணுக்கு மணி அடிக்கணும்."

"நாளைக்கு அடிக்கலாம்மா. காலைல முதல் வேலையா அடிச்சிடறேன்."

"நாளைக்கு என்னன்னு சொல்லி அடிப்பீங்க?"

பாதிரியார் பாலாடைக்கட்டியை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, "காய்ச்சல்னுதான்" என்றார்.

"காய்ச்சலா? வண்டி ஏறிச்சு ஐயா. நீங்க இங்கதானே நின்னீங்க."

"வியாழக்கிழமை இந்தச் சதுக்கத்துல வண்டியே ஓடாதேம்மா. ஓடாத வண்டி எப்படி ஏறும்? காய்ச்சல்னு சொன்னாத்தான் நல்ல இடமாப் பாத்துப் புதைக்க முடியும். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க. என் அண்ணனுக்கே அப்படித்தான் பண்ணினோம்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார். பிராட்லி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றான், ஏதாவது சொல்லலாமா என்று அவன் வாய் அசைந்தது, பக்கத்தில் நின்றவன் அவன் முழங்கையைத் தட்டினான், அவன் சும்மா இருந்துவிட்டான்.

டார்க்கஸ் சாக்கின் ஓரத்தை விலக்கி மகளின் கால்களிலிருந்து பூட்ஸைக் கழற்றினாள். கயிறுகளைச் சரியாக இழுத்துக் கட்டினாள். காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஜோடியாக வைத்து, பின்னால் நிமிர்ந்து நின்றாள். சாயங்காலம் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சூரியன் மில் கூரைக்கு மேலே வந்து நின்றது. மணிக்காரன் வந்தான்.

"என்ன டார்க்கஸ், இன்னும் நிக்கறே? வீட்டுக்குப் போ. நாலு பேரை அனுப்பறேன், பொண்ணைத் தூக்கிட்டுப் போவாங்க."

"என் சரக்கு விக்கலை."

"இந்த பூட்ஸா? நானே வாங்கிக்கறேன். என்ன விலை?"

"பிராட்லி முதலாளி இங்க வந்து நிக்கணும். 'இன்னைக்கு, சந்தைக்கிழமைல, நான்தான் உன் மகளைக் கொன்னேன்'னு எல்லாரும் கேக்கச் சத்தமா சொல்லணும். அதான் விலை. பேரம் கிடையாது."

மணிக்காரன் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தான். மணி ஊமையாக ஆடியது.

முதலில் சிரித்தார்கள். பிறகு சத்திரக்காரன் ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து பூட்ஸுக்குப் பதிலாகக் கொடுக்கப் பார்த்தான். பிராட்லியின் மில்லில் வேலை செய்கிற ஒருவனைக் கூட்டிவந்து, நான்தான் கொன்றேன் என்று சொல்லவைத்தார்கள். அவனும் ஒரு குவளை பியருக்கு ஆசைப்பட்டுச் சத்தமாகச் சொன்னான். "நீ கொல்லலையே, பாவம். போய் உன் பியரைக் குடி" என்றாள் டார்க்கஸ். இரண்டு பேர் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், மணி அப்போதும் அடிக்கவில்லை, திருட்டு விற்பனை ஆகாது என்று அந்த நாளுக்குத் தெரிந்திருந்தது, திருடியவர்களே கொண்டுவந்து கூடைமேல் வைத்தார்கள். சூரியன் அதே இடத்தில் நின்றது. ஊர்க்காரர்களின் முகம் ஒரு பக்கம் மட்டும் சிவந்து தோல் உரிந்தது. குழந்தைகள் தூங்க முடியாமல் அழுதன, மாடுகள் மடி கட்டிக் கத்தின, விற்க வந்ததை எல்லாம் தின்று தீர்த்தார்கள், வாங்கியதையும் தின்று தீர்த்தார்கள், ஊரை விட்டு ஓடிவிடலாம் என்று எல்லைவரை நடந்தவர்கள் எந்தப் பக்கம் போனாலும் சதுக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அவளிடம் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். "பெத்த பொண்ணை வச்சு வியாபாரம் பண்றா பாரு" என்றாள் ஒரு ரொட்டிக்கடைக்காரி. இவ்வளவு நாளாக எதை எதையோ வைத்து வியாபாரம் செய்த ஊர் அது, அந்த வார்த்தை சொல்ல அவளுக்கு நாக்குக் கூசவில்லை.

பிறகு ஒரு பெண் வந்தாள். கசாப்புக்காரனின் மனைவி மேபல், எப்போதும் புருஷனுக்குப் பின்னாலேயே நடக்கிறவள். அவள் ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கம்பளித் தொப்பியை எடுத்து, டார்க்கஸின் கூடைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, அதன் பின்னால் நின்றாள். என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. அவள் புருஷன் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆனான். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி ஒரு மரக்கரண்டியை, ஒரு வேலைக்காரப் பெண் கிழிந்த கவுன் ஒன்றை. வியாழக்கிழமைக் காய்ச்சலில் போனவர்களின் சாமான்கள் சதுக்கத்தில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருத்தி நின்றாள்.

எனோக் பிராட்லி அந்த முடிவில்லாத மாலை முழுவதும் தன் மில்லின் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மனசாட்சி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சாக்கும் அதற்கு வெளியே நீண்டிருந்த இரண்டு வெறும் பாதங்களும் கண்ணில் பட்டன, வெயில் அவற்றின்மேல் நேராக விழுந்தது, பொழுது சாய்ந்தால் மறைந்துவிடும், பொழுதுதான் சாயவில்லை. கடைசியில் எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சதுக்கத்தின் நடுவே நடந்து வந்தான். ஊர் வழிவிட்டது, சொல்லித் தொலை முதலாளி, சொல்லிவிட்டால் எல்லோரும் தூங்கப் போகலாம் என்று முதுகில் கையை வைத்துத் தள்ளி அனுப்பினார்கள். அவன் கூடைக்கு முன்னால் நின்று டார்க்கஸின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லிடறேன்" என்றான். "இன்னைக்கு..."

அதற்குள் ஊர் வக்கீல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினார். "முட்டாள்களா, யோசிச்சீங்களா? இவன் இன்னைக்குன்னு சொன்னா இன்னைக்குன்னு ஒரு நாள் இருந்ததா ஆயிடும். இது நாள்னா, போன வாரமும் நாள்தான். அதுக்கு முந்தின வாரமும் நாள்தான். அந்தத் தொப்பியைப் பாருங்க, அந்தக் கவுனைப் பாருங்க. அடுத்தது யார் வாயைத் திறக்கணும்?" டார்க்கஸின் பக்கம் திரும்பி, "உன் அழுகின முட்டையும்தான் வெளில வரும், தெரியுமில்ல?" என்றார்.

"வரட்டும்" என்றாள் டார்க்கஸ். "அதையும் சொல்லிடறேன். கையை எடுங்க, அவர் சொல்லட்டும்."

யாரும் கையை எடுக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவன் முதுகில் இருந்த கைகள் எல்லாம் அவன் வாய்க்கு வந்தன, ரொட்டிக்கடைக்காரன் கை, கசாப்புக்காரன் கை, பாதிரியார் விட்காமின் மெல்லிய வெள்ளைக் கை. பிராட்லி திமிறினான். அவன் கண் டார்க்கஸையே பார்த்தது. விரல்களுக்கு நடுவில் ஏதோ சத்தம் வந்தது, அது வார்த்தை ஆகவில்லை.

அப்படியே அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு கூட்டம் போட்டார்கள். வக்கீல் சொன்ன வழி சுலபமாக இருந்தது: நாள் அரசன் கொடுத்தது, வாங்கியவர்கள் நாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சந்தையே இல்லை என்றால் விற்காத சரக்கும் இல்லை. கையைத் தூக்கச் சொன்னார்கள். சொத்து உள்ள ஆண்கள் எல்லோரும் ஒரு கையைத் தூக்கினார்கள், மறு கை பிராட்லியின் வாயில் இருந்தது. பெண்களைக் கேட்கவில்லை, கேட்கிற வழக்கம் இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு நாளை, தாத்தாவுக்குத் தாத்தா சேற்றில் மண்டியிட்டு வாங்கிய நாளை, ஒரு வாக்கியத்தைக் கேட்கப் பயந்து தூக்கி எறிந்தார்கள். எங்களுக்கு இந்த நாள் வேண்டாம் என்று சிலுவைக்கு முன்னால் ஒரே குரலாகச் சொன்னார்கள். மணிக்காரன் கயிற்றை இழுத்தான். மணி அடித்தது.

இருட்டு வந்தது, விடிந்தது, வியாழக்கிழமை. சதுக்கத்தில் கூடை இல்லை, பூட்ஸ் இல்லை. சாக்கு இல்லை, அதன் கீழே இருந்த பெண்ணும் இல்லை. டார்க்கஸும் அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்களும் இல்லை. கையைத் தூக்கியவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டவர்களும் வியாழக்கிழமைக்கு வந்துவிட்டார்கள், விற்காத சரக்கோடு நின்றவர்கள் அந்த நாளுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். கசாப்புக்காரன் அன்று காலை அடுப்பைத் தானே மூட்டினான். எங்கே போனாள் என்று அவன் வாய் தவறியும் கேட்கவில்லை. இந்த முறை காய்ச்சல் கொஞ்சம் கடுமை என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார், பலர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

பிராட்லியை விட்டுவிட்டார்கள், இனி அவன் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை. அவன் நேராகச் சதுக்கத்துக்குப் போய், கூடை இருந்த இடத்தில் நின்று, "சந்தைக்கிழமைல, நான்தான் உன் மகளைக் கொன்னேன்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னான். என்ன கிழமை என்று கேட்டார்கள். சொன்னான். அப்படி ஒரு கிழமை இல்லையே முதலாளி, வீட்டுக்கு வாங்க, உடம்பு கொதிக்குது என்று அன்பாகத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்கள். அடுத்த வியாழனும் வந்து சொன்னான். சாகும்வரை வந்தான், மழையிலும் பனியிலும் வந்து, அதே இடத்தில் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பான். ஊர் அவனை மரியாதையாகப் பார்த்துக்கொண்டது. அவன் பணத்தை எல்லாம் ஏழைப் பெண்களுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துத் தீர்த்தான், அதுவும் அவனுக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித்தந்தது.

ஆல்டர்விக் இப்போது அழகான ஊர். ஜன்னல்களில் பூத்தொட்டிகள், தேநீர்க் கடைகள், பழைய பொருள் விற்கும் கடைகள். சந்தை எப்போதாவது நடந்ததா என்று கேட்டால், எங்களுக்குச் சந்தை உரிமையே கிடைத்ததில்லை, சுற்றியுள்ள ஏழு ஊர்களும் நாட்களைப் பிடித்துக்கொண்டுவிட்டன என்று வழிகாட்டிப் பெண் சோகமாகச் சொல்கிறாள். சந்தை இல்லாத ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய சதுக்கம் என்று நான் கேட்டேன். காற்றோட்டத்துக்கு என்றாள். சதுக்கத்தின் நடுவே பிராட்லிக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், வாய் கொஞ்சம் திறந்திருக்கும், இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்கும். 'கொடுத்துச் சிவந்த கரங்கள்' என்று அடியில் பொறித்திருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உள்ளங்கைகள் இரண்டும் மேலே பார்த்தபடி, ஒன்றுக்கொன்று சற்றே விலகி, ஒரு ஜோடி பூட்ஸ் வைக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தன. விலையைக் கொடுத்துவிட்டவன் சரக்குக்காகக் கை நீட்டுகிறான். அதைக் கொடுக்க வேண்டியவள் தன் நாளில் நின்றுகொண்டிருக்கிறாள், அங்கே அவளுக்கு எதிரே இன்னும் யாரும் வரவில்லை.